தெய்வமும் உணவும் ஒரே வரிசையில்

உங்கள் கேள்வி இதுதான்: "அன்றாட வாழ்க்கையை எழுதினால் வெறும் நாட்குறிப்பாக நின்றுவிடுகிறது. என் இறைநம்பிக்கையை எழுதினால் பிரசங்கம் போல ஒலிக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பிறர் படிக்கத் தகுந்தபடி எழுதுவது எப்படி?"

இதே கேள்வி என்னிடமும் பல ஆண்டுகள் இருந்தது. எழுதிக் கிழித்தவற்றிலிருந்துதான் எனக்குப் பதில் கிடைத்தது என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அகப்பாடலுக்கு மூன்று பொருள் உண்டு என்கிறது தொல்காப்பியம். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் இருப்பவை கருப்பொருள். அங்கே ஒரு மனத்துக்கு நேர்வது உரிப்பொருள்: சேர்தல், பிரிதல், காத்திருத்தல், இரங்குதல், ஊடுதல். இவற்றுள் ஒன்றைவிட ஒன்று சிறந்தது, உரிப்பொருளே தலையாயது என்றும் அது சொல்கிறது. பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்துவிடும் பகுதி இது. கருப்பொருளின் பட்டியலை மட்டும் இப்போது நிதானமாகப் படித்துப் பாருங்கள்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ்.

முதன்முதலில் இதை உண்மையாகவே கவனித்த நாளில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தெய்வம் பட்டியலின் தொடக்கத்தில் நிற்கிறது. ஆனால் அடுத்த சொல்லே உணவு. அதே வரிசையில் மாடும் மரமும் மக்கள் செய்யும் வேலையும் வருகின்றன. அந்த இலக்கணம் சொல்ல வந்தது பாடலில் நிலத்தை எப்படி அமைப்பது என்பதைத்தான். இறைநம்பிக்கையை எப்படி எழுதுவது என்பதை அன்று. இருந்தாலும் என் எழுத்தில் பல ஆண்டுகளாக எங்கே தவறு நடந்தது என்பதை அந்த வரிசை எனக்குக் காட்டிக்கொடுத்தது. நான் தெய்வத்தை வரிசையிலிருந்து தூக்கித் தலைக்கு மேலே வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். கீழே உணவும் வேலையும் தம் போக்கில் கிடந்தன. மேலே பெரிய சொற்கள் மிதந்தன. இரண்டுக்கும் நடுவே ஏணி இல்லை.

உங்கள் இரண்டு குறைகளையும் இதை வைத்தே பார்க்கலாம். நாட்குறிப்பில் முதலும் கருவும் நிறைய இருக்கின்றன: காலை ஏழு மணி, மழை, தாமதமாக வந்த பஸ், மறந்துபோன சாவி. உரி இல்லை. அந்தச் சாவி தொலைந்ததால் யாருக்கு என்ன ஆயிற்று என்பது இல்லை. பிரசங்கத்தில் நேர்மாறாக உரி மட்டுமே இருக்கிறது, அதுவும் முடிந்துபோன உரி. "துன்பத்தில்தான் இறைவன் அருகில் இருக்கிறான்" என்று ஒருவர் எழுதும்போது, அந்த முடிவுக்கு அவர் எந்த அறையில், எந்த நாற்காலியில் உட்கார்ந்து வந்து சேர்ந்தார் என்பது நமக்குத் தெரிவதில்லை. அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவர் நடந்த வழியில் நாமும் நடக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

என் அனுபவம் ஒன்றைச் சொன்னால் இது தெளிவாகும்.

என் தாய் நோயுற்று மருத்துவமனையில் இருந்தபோது பதினோரு இரவுகள் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவர் குணமாகி வீடு திரும்பிய பிறகு அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். முதல் வரியே "இறைவன் எங்களைக் கைவிடவில்லை" என்பது. அதன் பிறகு நான்கு பக்கங்களுக்கு அந்த முதல் வரியையே வேறு வேறு சொற்களில் எழுதியிருந்தேன். நீண்ட நாள் நண்பர் ஒருவர் படித்தார். பாராட்டவும் இல்லை, குறைசொல்லவும் இல்லை. "மிகவும் மோசமான அந்த இரவில் நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்று மட்டும் கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். டிரிப்ஸ் பாட்டிலிலிருந்து விழும் துளிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பிரார்த்தனை செய்ய முயன்றேன். சின்ன வயதிலிருந்து மனப்பாடமான சொற்கள் பாதியில் அறுந்தன. மறுபடி தொடங்கினால் மறுபடி அறுந்தன. அதனால் எண்ணினேன். விடியற்காலை நான்கு மணி வாக்கில் தாயின் மூச்சு சீரானது. அந்த நேரத்தில் எனக்கு இறைவன் நினைவே வரவில்லை. பிளாஸ்க்கில் முந்தின நாள் பால் ஒட்டிக்கொண்டிருக்கும், அதைக் கழுவ வேண்டும் என்றுதான் தோன்றியது. எழுந்து போய்க் கழுவினேன். குழாயடியில் நின்று கழுவும்போது அழுகை வந்தது. பிளாஸ்க் சுத்தமான பிறகும் நெடுநேரம் கழுவிக்கொண்டே இருந்தேன்.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னபோது அவர், "இதில் ஒரு வரிகூட நீ கொடுத்த கட்டுரையில் இல்லையே" என்றார். உண்மைதான். இல்லை. பிரார்த்தனை அறுந்தது எனக்கு வெட்கமாக இருந்தது. பிளாஸ்க் அற்பமாகத் தோன்றியது. இரண்டையும் மறைத்துவிட்டு எஞ்சியதை எழுதினேன். எஞ்சியது யாருடையதாகவும் இருக்கக்கூடிய கட்டுரை.

ஆகவே என் முதல் அறிவுரை, நீங்கள் எந்த இடத்தில் வெட்கப்பட்டு ஒதுங்குகிறீர்களோ, எந்த இடத்தை அற்பம் என்று தள்ளுகிறீர்களோ, அங்கே போய்ப் பாருங்கள் என்பது. பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும்.

அற்பம் என்று நாம் நினைப்பதற்கு எழுத்தின் வரலாற்றில் எவ்வளவு இடம் கிடைத்திருக்கிறது என்பதற்குக் கிறிஸ்தவ ஞானி புனித அகுஸ்தினாரை நினைத்துக்கொள்ளலாம். தம் வாழ்க்கையை இறைவனிடம் பேசுவது போல எழுதிய அவருடைய ஒப்புதல் நூல் கி.பி. 397ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கப்பட்டது. அப்போது அவர் திருச்சபையில் ஆயர், அதாவது பிஷப். நாற்பது வயதைத் தாண்டியவர். அந்த நூலின் இரண்டாம் பகுதியில் பதினாறு வயதில் நண்பர்களோடு சேர்ந்து பேரிக்காய் திருடியதைச் சொல்கிறார். பசி இல்லை. பழமும் நன்றாக இல்லை. திருடியதில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்கு வீசிவிட்டார்கள். ஊர் உலகத்துக்கு ஒன்றும் நட்டமில்லாத சிறுபிள்ளைக் குறும்பு என்று தாண்டிப் போயிருக்கலாம். அவர் தாண்டவில்லை. ஏன் திருடினேன், தனியாக இருந்திருந்தால் திருடியிருப்பேனா, திருட்டில் எதை ருசித்தேன் என்று பக்கம் பக்கமாகத் தோண்டுகிறார். தீமையைத் தீமைக்காகவே விரும்பினேன் என்ற இடத்துக்கு அவர் வந்து சேரும்போது, அந்தப் பேரிக்காய் மரத்தை நாமும் பார்த்துவிட்டோம், அதனால் நம்புகிறோம். சாத்திரத்திலிருந்து தொடங்கியிருந்தால் அது நம்மைத் தொட்டிருக்காது என்றே நினைக்கிறேன்.

சமையலறையிலும் இப்படி ஒருவர் இருந்தார். பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தில், கார்மேல் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் மடம் ஒன்றில் லாரன்ஸ் என்ற பெயரில் வாழ்ந்த எளிய துறவி, மடத்தின் சமையலறையில் பல ஆண்டுகள் வேலை செய்தார். அவருக்கு அந்த வேலை இயல்பில் பிடிக்காது. பாத்திரச் சத்தத்துக்கும் ஒரே நேரத்தில் பலர் பலவற்றைக் கேட்கும் குழப்பத்துக்கும் நடுவில் இறைவனின் முன்னிலையில் இருக்கப் பழகினேன் என்று அவர் சொன்னார். அவர் 1691இல் மறைந்த பிறகுதான் அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் நூலாயின. அவற்றில் என்னைப் பிடித்து நிறுத்துவது அந்த ஒரு செய்திதான்: வேலை பிடிக்கவில்லை. பிடித்த வேலையில் இறைவனைக் கண்டேன் என்று அவர் சொல்லியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

இங்கே ஒரு தயக்கம் உங்களுக்கு வரக்கூடும்; எனக்கு வந்தது. அறுந்த பிரார்த்தனையை எழுதினால், பிடிக்கவில்லை என்று எழுதினால், நம்பிக்கைக்குத் துரோகம் செய்வதாகாதா? பக்தியின் மரபைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் இந்தத் தயக்கம் தீரும். பிரியமாட்டேன் என்று தம் மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரை விட்டுப் புறப்பட்ட சுந்தரர் இரு கண்களின் பார்வையையும் இழந்தார் என்று சொல்கிறது பெரியபுராணம். காஞ்சியில் ஒரு கண் திரும்பியது, மற்றொன்று திருவாரூரில். அந்தத் திருவாரூர்ப் பதிகத்தில் அவர் இறைவனிடம் கெஞ்சுவதைவிடச் சண்டை போடுவதுதான் அதிகம். அடியாரை இப்படித் தவிக்கவிட்டு நீர் நன்றாக வாழ்ந்துகொள்ளும் என்று பாட்டுக்குப் பாட்டு கடிந்துகொள்கிறார். அதைத் தொகுத்தவர்கள் நீக்கவில்லை, திருமுறையில் வைத்தார்கள். விவிலியத்தின் 150 திருப்பாடல்களிலும் புலம்பல்கள் ஏராளம். அவற்றுள் 88ஆவது பாடல் ஆறுதலே இல்லாமல் இருளில் முடிகிறது. கடைசியில் ஒரு விடியலைச் சேர்க்க யாரும் முனையவில்லை. வேறு வேறு மொழிகளில், வேறு வேறு காலங்களில், நம்பிக்கையாளர்கள் இந்தக் குரலைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். நம் கட்டுரையில் மட்டும் ஏன் எல்லோரும் அமைதியாகப் புன்னகைக்க வேண்டும்?

உண்மையைப் பற்றி இன்னொன்று. இது கடினமானது, நான் இன்னும் முழுமையாகத் தீர்த்துக்கொள்ளாதது.

ஜப்பானியக் கவிஞர் பாஷோ 1689இல் தம் சீடர் சோராவோடு வடக்கு நோக்கி நெடும்பயணம் போனார். திரும்பி வந்து சில ஆண்டுகள் செதுக்கிச் செதுக்கி அந்தப் பயண நூலை எழுதினார். அவர் மறைந்த பிறகு 1702இல் அது வெளிவந்தது. கூடவே போன சோராவும் நாட்குறிப்பு வைத்திருந்தார். அது 1943இல்தான் அச்சேறியது. இரண்டையும் ஒப்பிட்டபோது, பாஷோ நாள்களை மாற்றியிருக்கிறார், நிகழ்ச்சிகளை இடம் மாற்றியிருக்கிறார், சிலவற்றைக் கற்பனையிலிருந்தே சேர்த்திருக்கிறார் என்று தெரியவந்தது. விடுதியில் பக்கத்து அறையில் தங்கிய இரண்டு கணிகையரைப் பற்றிய புகழ்பெற்ற பகுதி சோராவின் குறிப்பில் இல்லவே இல்லை. நாட்குறிப்பு ஒருபுறம், கலைப்படைப்பு ஒருபுறம் என்று உங்கள் கேள்வியின் ஒரு பாதியே இங்கே கண்முன் நிற்கிறது. பாஷோவின் நூல்தான் காலத்தை வென்றது என்பதிலும் ஐயமில்லை.

இருந்தாலும், நம்பிக்கையைப் பற்றி "எனக்கு இது நடந்தது" என்று எழுதுகிறவருக்கு அந்த உரிமை இல்லை என்பதே என் கருத்து. வரிசையை மாற்றலாம். பத்து இரவுகளை விட்டுவிட்டு ஓர் இரவை மட்டும் எழுதலாம். ஆனால் நடக்காத ஆறுதலைச் சேர்க்கக் கூடாது. துன்பத்தில் இருக்கும் ஒருவர் நம் கட்டுரையைப் படித்துவிட்டு, "இவருக்கு நான்கு மணிக்கு வந்த நிம்மதி எனக்கு ஏன் வரவில்லை? என் நம்பிக்கையில் குறையா?" என்று தம்மையே வதைத்துக்கொள்ளக் கூடும். கற்பனையாக ஒரு பூவை வரைவது வேறு, கற்பனையாக ஓர் அருளை வரைவது வேறு. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

மற்றவர்களைப் பற்றியும் கேட்க நினைத்திருப்பீர்கள். அன்றாடத்தை எழுதினால் வீட்டில் இருப்பவர்கள் உள்ளே வந்துவிடுகிறார்கள். அகத்திணையில் யாருடைய இயற்பெயரும் வரக்கூடாது என்ற விதியைத் தொல்காப்பியம் வைத்திருக்கிறது. அதனால்தான் தலைவி, தோழி, செவிலி என்றே அந்தப் பாடல்கள் பேசுகின்றன. ஒருத்தியின் துயரம் வெளியாவதில்லை, துயரம் மட்டும் வெளியாகிறது. நான் இதை அப்படியே கைக்கொள்கிறேன். பெயர் சொல்வதில்லை. உயிரோடு இருப்பவரின் நோயையோ சண்டையையோ எழுதினால் அவருக்குப் படித்துக்காட்டுகிறேன். வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன். இதனால் இரண்டு நல்ல கட்டுரைகளை இழந்திருக்கிறேன், வருத்தமில்லை.

கைவேலையைப் பற்றிச் சொல்கிறேன். முதல் வரைவை எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், பிரசங்கமாகவே வந்தாலும் சரி. பிறகு ஒரு பென்சிலை எடுத்து அருள், பேரன்பு, அற்புதம், சோதனை, சித்தம் போன்ற சொற்களையெல்லாம் மெல்லிய கோட்டால் அடித்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். மிச்சத்தில் ஓர் ஆளும் ஓர் இடமும் ஒரு செயலும் தெரிந்தால் கட்டுரை உயிரோடு இருக்கிறது. அடித்த சொற்களில் ஒன்றிரண்டைத் திரும்பச் சேர்க்கலாம். அவை இப்போது கனமாக ஒலிக்கும். மிச்சத்தில் ஒன்றுமே இல்லையென்றால், நீங்கள் இன்னும் எழுதத் தொடங்கவில்லை. கோபப்படாமல் மறுபடி உட்காருங்கள். அந்தச் சொற்கள் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. அவை நமக்கு முன்னால் பலர் உயிரைக் கொடுத்துச் சம்பாதித்த சொற்கள். அதனாலேயே அவற்றைக் கடனாக வாங்கிச் செலவழிப்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கடைசிப் பத்தியையும் சந்தேகத்தோடு பாருங்கள். நம்பிக்கைக் கட்டுரைகளில் அந்தப் பத்திதான் பெரும்பாலும் பிரசங்கம். அதற்கு முந்தைய பத்தியிலேயே கட்டுரை முடிந்திருக்கும்.

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தினமும் ஒரே நேரத்தில் உட்காருவது நல்லது; வழிபாட்டுக்கும் எழுத்துக்கும் பொதுவான ஒரே உத்தி அதுதான் என்று எனக்குப் படுகிறது. மனம் வரும் நாளுக்குக் காத்திருந்தவர்கள் இரண்டையும் விட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

எழுதுவதே தன்னைக் காட்டிக்கொள்வதாகி, நம்பிக்கைக்கு எதிராகிவிடுமோ என்ற அச்சம் சிலருக்கு உண்டு. ஆங்கிலக் கவிஞர் ஹாப்கின்ஸ் இதில் மிகவும் அல்லாடியவர். இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற அமைப்பில் சேர்ந்த 1868இல் தம் கவிதைகளை எரித்தார். ஏழு ஆண்டுகள் ஏறக்குறைய மௌனம். 1875இல் ஒரு கப்பல் விபத்தில் துறவியர் சிலர் இறந்தபோது, இதைப் பற்றி யாராவது ஒரு கவிதை எழுதலாமே என்று சபையின் மேலாளர் ஒருவர் சொன்னது அவரை மீண்டும் எழுதவைத்தது. 1889இல் அவர் மறைந்தபோது பெரும்பாலோருக்கு அவர் கவிஞர் என்றே தெரியாது. கவிதைகள் நூலானது 1918இல். அவர் எரித்ததைச் சரி என்றும் சொல்லமாட்டேன், தவறு என்றும் சொல்லமாட்டேன். அந்த அச்சத்தோடும் எழுத முடியும் என்பதை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

கடைசியாக, நம்பிக்கை மாறினால் என்ன செய்வது? மாறும். பத்து ஆண்டுகளுக்கு முன் எழுதியதை இன்று படித்தால் உறுதியாகச் சொன்ன இடங்கள் கூசும். அகுஸ்தினார் முதுமையில், 426ஐ ஒட்டி, தம் 93 நூல்களையும் வரிசையாக எடுத்து, இங்கே அவசரப்பட்டேன், இந்தச் சொல்லை மாற்றியிருக்க வேண்டும் என்று குறிப்பு எழுதி வைத்தார். பிரெஞ்சு எழுத்தாளர் மொந்தேன் வேறு வழி எடுத்தார். 1580இல் தம் கட்டுரைகளை வெளியிட்ட பிறகும், 1592இல் இறக்கும்வரை, அச்சான பிரதியின் ஓரங்களில் புதிய வரிகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தார். பழையவற்றைப் பெரும்பாலும் அழிக்கவில்லை. ஒரே பக்கத்தில் அவருடைய வெவ்வேறு வயதுகள் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன. எனக்கு மொந்தேனின் வழி நெருக்கமானது. பழைய கட்டுரையை அழிக்காமல், கீழே தேதியிட்டு இன்றைய வரியைச் சேர்க்கிறேன்.

அந்த மருத்துவமனைக் கட்டுரையை மூன்றாம் முறை எழுதினேன். இப்போது அது இரண்டரைப் பக்கம். துளிகள் இருக்கின்றன, பிளாஸ்க் இருக்கிறது, குழாயடி இருக்கிறது. கடவுள் என்ற சொல் ஒரே ஓர் இடத்தில் வருகிறது, அதுவும் என் சொல்லாக வரவில்லை. விடிந்த பிறகு என் தாய் கண் விழித்தார். என்னைப் பார்த்து, "சாப்பிட்டாயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "கடவுளே" என்றார்.